யாரும் தொடாமல் எழ வேண்டிய மெஷின்

மில்லில் கரண்டு போனால் சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடாது. நூல் நூற்கிற ரிங் பிரேமில் கதிர்கள் சுற்றிச் சுற்றி ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். அது ஓய்வதற்குள் இன்னொரு சத்தம் கேட்கும். டக், டக், டக் என்று வரிசையாகச் சுவிட்சுகளை அணைக்கிற சத்தம். புதிதாக வருகிறவர்களுக்கு அறுந்த நூலை முடியக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கற்றுக்கொடுப்போம். கரண்டு போனதும் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. கரண்டு திரும்பும்போது யாராவது பெல்ட்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு ஆள் வந்து, முன்னே பின்னே பார்த்து, பச்சைப் பொத்தானை அமுக்கின பிறகுதான் மெஷின் ஓட வேண்டும். தானாக ஓடக் கூடாது.

இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நான் எலக்ட்ரீஷியன். மெஷின்கள் மனிதக் கைக்காகக் காத்திருக்கும்படி பார்த்துக்கொள்வதே என் உத்தியோகம். ஸ்டார்ட்டருக்குள் இருக்கிற ஒரு சின்னச் சுருள் அந்தக் காரியத்தைச் செய்கிறது. கரண்டு போனால் அது விட்டுவிடும்; கரண்டு வந்தாலும் தானாகப் பிடிக்காது. அந்தச் சுருளை நம்பிக்கொண்டு சுவிட்சை அணைக்காமல் நிற்கிற ஆளைக் கண்டால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. ஆண், பெண் பார்க்காமல் கத்தியிருக்கிறேன். ‘சுவிட்ச்’ என்றே எனக்கு மில்லில் பட்டப்பெயர் உண்டு, என் காதுபடச் சொல்ல மாட்டார்கள்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு, கரண்டு வந்ததும் ஒரு கையும் படாமல் தானாக எழுந்து ஓட வேண்டிய மெஷின் ஒன்று வந்து சேர்ந்தது.

என் மனைவிக்கு நரம்பு நோய். முதலில் கைகள் போயின. பிறகு கால்கள். கடைசியில் நாக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். முட்டை குறைந்தால் லாரிக்காரனைத் தெருமுனை வரை துரத்திக்கொண்டு போய்ப் பேசுவாள். வாய் ஓயாத மனுஷி. மதுரையில் பெரிய டாக்டர், “புத்தி தெளிவா இருக்கும். கடைசி வரைக்கும் தெளிவா இருக்கும்” என்று ஆறுதலாகச் சொன்னார். அதைவிடப் பயங்கரமான வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

எங்கள் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். லீவில் வந்தபோது அவன்தான் இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் போனான். கட்டிலின் கால்மாட்டில் ஒரு திரை. அதில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிசையாக வெளிச்சம் விழுந்துகொண்டே போகும். அவள் கன்னத்தருகே ஒரு பொத்தான். வேண்டிய வரிசை வந்ததும் தலையை லேசாகச் சாய்த்தால் அமுங்கும். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்தெழுத்தாக வெளிச்சம் போகும், மறுபடி சாய்க்க வேண்டும். அப்படி ஒரு சொல் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் அதைச் சத்தமாகச் சொல்லும். திரையின் மூலையில் ஒரு மணிப் படம் உண்டு. வெளிச்சம் அதில் வரும்போது தலையைச் சாய்த்தால் என் போனும் பக்கத்து வீட்டுக்காரியின் போனும் ஒன்றாக அலறும்.

எழுத்துக்கு எழுத்து பாடு என்பதால் அவள் சிக்கனக்காரி ஆகிவிட்டாள். இத்தனை வருஷம் என்னை ‘நீங்க’ என்றவள், எழுத்தை மிச்சம் பிடிக்க ‘நீ’க்கு வந்துவிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. சொன்னால் திரும்பவும் ‘நீங்க’ போட ஆரம்பித்துவிடுவாளோ என்று சொல்லவில்லை.

பகலில் நான் மில்லுக்குப் போய்விடுவேன். பக்கத்து வீட்டுக்காரி அவ்வப்போது வந்து எட்டிப்பார்த்து, கஞ்சியைக் குழாயில் ஊற்றிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போவாள். மம்சாபுரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவளும் எங்கள் மில்லில் ரிங் பிரேமில் நின்றவள்தான். முழங்கால் தேய்ந்துபோய் நின்றுவிட்டாள். அவளிடமும் ஒரு காலத்தில் நான் கத்தியிருப்பேன்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் திரை இருட்டாக இருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஊரில் ஒரு சடங்குக்குப் போயிருந்தாள். மதியம் கரண்டு போயிருக்கிறது, வந்திருக்கிறது, கம்ப்யூட்டர் மட்டும் எழவில்லை. நான் ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினேன். அது எழுந்து, எழுத்துகள் தெரிந்து, அவள் தலையைச் சாய்த்து, அன்றைக்கு அவள் சொன்ன முதல் சொல் ஒற்றை எழுத்து.

“ஈ.”

புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகுதான் அவள் கண்ணோரத்தைப் பார்த்தேன். மதியத்திலிருந்து ஒரு ஈ அவள் முகத்தில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. கண்ணில், மூக்கில், உதட்டில். விரட்டக் கை இல்லை. கூப்பிட வாய் இல்லை. நான் துண்டை நனைத்து முகத்தைத் துடைத்தேன். பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

இன்வெர்ட்டர் இருந்தது. அதில் காற்று மெத்தையின் மோட்டாரும் மின்விசிறியும் ஓடின. கம்ப்யூட்டரையும் அதில் சேர்த்தால், நீண்ட மின்தடையில் எல்லாமே படுத்துவிடும். மெத்தை நின்றால் முதுகு புண்ணாகும். “முதுகு” என்றாள் அவள். பேச்சு காத்திருக்கட்டும், முதுகு காத்திருக்காது என்று அர்த்தம். எனவே கம்ப்யூட்டர் கரண்டோடு போக வேண்டியதுதான். ஆனால் கரண்டு வந்தால் அதுவே எழ வேண்டும். யாரும் வந்து பொத்தானை அமுக்குவதற்குக் காத்திருக்கக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மகனுக்குப் போன் போட்டேன். அவன் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் முழுதாக விழிப்பதற்கு முன்னால் வருகிற பக்கத்துக்குள் போனேன். கரண்டு போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற வரி அங்கே ஒன்று இருந்தது. அணைந்தே இருக்கும்படி அதில் வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஸ்டார்ட்டர் சுருளின் சட்டத்தை யாரோ அதற்குள்ளும் எழுதிவைத்திருக்கிறான். நல்ல எலக்ட்ரீஷியனாகத்தான் இருப்பான். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சட்டத்தை என் கையாலேயே மாற்றினேன். சுவரில் பிளக்கைப் பிடுங்கினேன், செருகினேன். எழுந்தது. மறுபடி பிடுங்கிச் செருகினேன். எழுந்தது.

“பார்த்தியா?” என்றேன்.

“சபாஷ்” என்றது மெஷின். அதில் கேலி இருந்ததா என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்த மின்தடையில் அது என் மானத்தை வாங்கியது. நான் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி கட்டில் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரை கறுப்பாக, அதில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி.

“ஏதோ இங்கிலீஷ்ல கேக்குது அண்ணாச்சி. நமக்கெதுக்கு வம்புன்னு நான் கை வைக்கல.”

கடிகார நேரம் தவறிவிட்டதாம். தொடர வேண்டுமானால் ஒரு விசையை அழுத்த வேண்டுமாம். கை இல்லாதவளிடம் போய்க் கையைக் கேட்கிறது. அவள் கன்னத்துப் பொத்தானெல்லாம் அந்த நேரத்தில் அதற்குத் தெரியாது. நான் அந்த மெஷினைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டுக்காரி எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.

“நீங்க பக்கத்துல இருக்கும்போது சோதிச்சா ஓடுதுல்லப்பா?” என்றான் மகன். “அப்போ உள்ள இருக்கிற பேட்டரியப் பாருங்க. காசு மாதிரி வட்டமா இருக்கும்.”

இருந்தது. செத்துப்போயிருந்தது. அந்தக் காசு பேட்டரிதான் கம்ப்யூட்டருக்கு ஞாபகசக்தி. கரண்டு இல்லாத நேரத்தில் மணி என்ன, தேதி என்ன என்பதையெல்லாம் அதுதான் நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் பிளக்கைப் பிடுங்கிய கையோடு செருகியதால், அது மறப்பதற்கு நேரமே கிடைக்கவில்லை. உண்மையான மின்தடையில் நிதானமாக நேரத்தை மறந்துவிட்டு, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு எழுந்திருக்கிறது. சூடு ஆறாத மோட்டாரைச் சோதித்துவிட்டுச் சரி என்று எழுதுகிற ஆளை நான் மில்லில் எப்படி ஏசுவேன் என்று நினைத்துப் பார்த்தேன். இராஜபாளையத்தில் ஒரு வாட்ச் கடையில் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். இந்தத் தடவை மெயினையே அணைத்துவிட்டு, கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி, வந்து குளித்து, சாப்பிட்டு, பிறகு போட்டேன். சமர்த்தாக எழுந்தது.

மகன் இன்னொரு வேலையும் செய்துவைத்தான். கம்ப்யூட்டர் எழுந்ததும் என் போனுக்கு ‘வந்துட்டேன்’ என்று ஒரு செய்தி வரும். அனுப்புவது மெஷின்தான். இருந்தாலும் மில்லில் அந்தச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் அவளே வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டிச் சொன்ன மாதிரி எனக்கு இருக்கும்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் செய்தி தாமதமாக வந்தது.

எங்கள் தெருவில் கரண்டு போனால், பக்கத்து வீட்டுக்காரி போன் போட்டு, “போயிட்டு அண்ணாச்சி. நான் மதினிகூட இருக்கேன்” என்பாள். ஈ விஷயம் தெரிந்த பிறகு அவளாகவே எடுத்துக்கொண்ட பொறுப்பு அது. அதன் பிறகு நான் ‘வந்துட்டேன்’ செய்திக்காகப் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வராது. தெருமுனை டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால், “கரண்டா? அது வந்து எம்புட்டு நேரமாச்சு” என்பார். அதற்கும் ரொம்பப் பிறகுதான் செய்தி வரும். சாயங்காலம் வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். நான் மெயினை அணைத்துப் போட்டால் உடனே எழும். நான் இல்லாதபோது மட்டும் அதற்கு என்ன சோம்பல் என்று எனக்குப் புரியவில்லை.

ஸ்டெபிலைசரை மாற்றினேன். பிளக் பாயிண்டைக் கழற்றிப் புதிது போட்டேன். கம்ப்யூட்டருக்குக் கரண்டு பிரித்துக் கொடுக்கிற பெட்டியை மாற்றினேன். மகனும் அங்கிருந்தபடி என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டால், “ஏன், நல்லாத்தானே ஓடுது?” என்றாள்.

மனைவியைக் கேட்டேன். “கரண்டு வந்த பொறவு இது ஏன் உடனே எழும்ப மாட்டேங்குது? நீ பாத்துக்கிட்டுத்தானே இருக்க?”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். எழுத்துகளில் வெளிச்சம் நகர்ந்தது.

“தெரியாது.”

அவ்வளவு நீளமான சொல்லை அவள் அதற்காகச் செலவழித்தது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் மில்லில் ஒரு மெஷினுக்குப் பாகம் வாங்கிவரச் சொல்லி என்னை மதியமே வெளியே அனுப்பினார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது. அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். மலைப்பக்கமிருந்து காற்று தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தும்போதே கரண்டு போனது. பக்கத்து வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் என்னைக் கவனிக்காமல் விறுவிறுவென்று என் வீட்டுக்குள் போனாள். நான் வாசல்படியில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்தேன்.

நேராகக் கட்டிலின் தலைமாட்டுக்குப் போனாள். குனியவில்லை, பார்க்கவில்லை. கை தானாகக் கட்டிலுக்குப் பின்னால் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தது. டக்.

மில்லில் நான் ஆயிரம் தடவை கேட்ட சத்தம். எனக்குக் கோபம் ஏறியது. ஸ்டெபிலைசர், பிளக், பெட்டி எல்லாம் கண் முன்னால் வந்து போயின. உள்ளே போய்க் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முக்காலியை இழுத்துப்போட்டு என் மனைவியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்துவிட்டாள்.

“மதினி, கேளுங்க கூத்த” என்று ஆரம்பித்தாள். மேலத்தெருவில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோன கதை. யார் யாரைக் கேட்டார்கள், சமையல்காரர் எப்படிக் கொல்லைப்பக்கமாக நழுவினார் என்று கையை ஆட்டிச் சொன்னாள். இடையிடையே நிறுத்தி, “அவ யாருன்னு தெரியுதா? இல்லையா? மூத்தவ இல்ல, சின்னவ. ஆங், அவதான்” என்றாள். என் மனைவி ஒரு எழுத்தும் சொல்லவில்லை. கண்ணை மூடினால் ஆமாம், மேலே பார்த்தால் இல்லை. அதற்கு நடுவில் புருவம், கன்னத்து ஓரம், மூக்கு நுனி என்று இன்னும் என்னென்னவோ இருந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி எல்லாவற்றையும் படித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாயசம் முடிகிற இடத்தில் என் மனைவி சிரித்தாள். சத்தம் கிடையாது. மூச்சு கொஞ்சம் வேகமாக வந்தது, கண் இடுங்கியது, ஒரு பக்கக் கன்னம் லேசாக ஏறியது. அவ்வளவுதான். சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் அதிரச் சிரிப்பாளே, அதே சிரிப்பு. அது அவள் முகத்தில் இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

எதிர்வீட்டில் டிவி அலறியது. கரண்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி நிமிர்ந்தாள்.

“வந்துட்டு மதினி. போட்டுரட்டா?”

என் மனைவி மேலே பார்த்தாள்.

“சரி, செத்த நேரம் கழிச்சுப் போடுதேன். அப்புறம் அந்தப் பொண்ணோட அப்பன் இருக்காரே…”

நான் உள்ளே போனேன். இரண்டு பேரும் திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி என்னைப் பார்த்தார்கள். கத்த வேண்டும் என்று வைத்திருந்ததில் பாதிதான் மிச்சம் இருந்தது, அதைக் கத்தினேன். “சுவிட்ச ஏம்மா ஆஃப் பண்ணுதே? நான் இதுக்காக எம்புட்டு நாளா மண்டைய உடைச்சுக்கிட்டுக் கிடக்கேன்! நீ மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டா, அவ என்ன செய்வா?”

அவள் பயப்படவில்லை. “நல்லாருக்கே! கரண்டு போனா மொத வேலை என்னன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? ரெண்டாம் ஷிப்டுல அத்தனை பேரு முன்னாடி என்னை வச்சு ஏசுனியளே, மறந்துபோச்சா? அன்னைக்கு அழுதுக்கிட்டே ஆஃப் பண்ணுனேன். அதிலிருந்து கை அதுவா போகுது அண்ணாச்சி. எங்க வீட்டு மிக்ஸிக்கும் அப்படித்தான்.”

கட்டிலுக்குப் பின்னால் போய்ச் சுவிட்சைப் போட்டேன். கம்ப்யூட்டர் ஒரு கையும் படாமல் தானாக எழுந்தது. திரை வந்தது, எழுத்துகள் வந்தன, சட்டைப்பையில் போன் ‘வந்துட்டேன்’ என்று அதிர்ந்தது. மெஷினில் ஒரு பழுதும் இல்லை.

“நீயாவது சொல்லியிருக்கலாம்ல? தெரியாதுன்னியே?” என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் தலையைச் சாய்க்கத் தொடங்கினாள். நான் வழக்கம்போலத் தலைமாட்டில், அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்த்தேன். அங்கே நின்றால்தான் எழுத்து சேரச் சேரப் படிக்கலாம், குரல் வரும் வரை காத்திருக்க வேண்டாம். நான் மட்டுமில்லை, வீட்டுக்கு வருகிற எல்லோருமே அப்படித்தான் நிற்போம். அவள் தம்பி, அவளோடு வேலை பார்த்தவர்கள், டாக்டர்கூட.

எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மூ. ஞ். சி. ய. ப்.

“மூஞ்சியப் பாரு” என்றது மெஷின்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் உச்சந்தலையை. பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

அவள் பேச வேண்டும் என்பதற்காக எத்தனை பாகங்களை மாற்றியிருப்பேன். அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறேன். கரண்டு போகும்போதுதான் அவளுக்கு எதிரில் வந்து உட்கார ஒரு ஆள் கிடைத்திருக்கிறாள். அதைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் கட்டிலைப் பிடித்துத் தள்ளித் தலைமாட்டைச் சுவரோடு ஒட்டிவிட்டேன். சுவிட்ச் கட்டிலுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. இனி அதற்குள் யார் கையும் போகாது. அவளுக்குப் பின்னால் போய் யாரும் நிற்கவும் முடியாது. திரை அவளுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் எதிரில் உட்கார்ந்து, குரல் வரும் வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வருகிறவர்களுக்கு அது முதலில் சங்கடமாக இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள்.

இப்போது கரண்டு வந்ததும் கம்ப்யூட்டர் எழுந்துவிடுகிறது. மில்லில் எனக்குச் செய்தியும் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரி கரண்டு போனதும் வந்து உட்கார்கிறாள். கரண்டு வந்த பிறகும் கதை முடிந்தால்தான் எழுந்து போகிறாள். “சுவிட்ச அணைக்காம கை அரிக்குது அண்ணாச்சி” என்று மட்டும் குறைப்பட்டுக்கொள்கிறாள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை. அவள் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கன்னத்துப் பொத்தான் ஒரு தடவை அமுங்குகிற மெல்லிய டிக் சத்தம் கேட்டது; ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தேன். இடது புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவில் தோல் லேசாக ஒரு சுருக்கம் கண்டிருந்தது. கண்ணின் கீழ் ஓரத்தில் ஒரு ஈ. கீரைக் கையோடு எழுந்து அதை விரட்டினேன்.

அவள் தலை பொத்தானுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு நிதானமாக, எழுத்து எழுத்தாக, வேறொரு சொல்லைத் தேர்ந்தெடுத்தாள்.

“பரவால்ல” என்றது மெஷின். அது சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே அவள் கன்னம் ஏறிவிட்டது.